சுவரைத் தொடாத மரத்தளம்

ஜூன் 3

அன்புள்ள அக்கா மகளுக்கு,

மாமன் எழுதுவது. நான் நலம். உன் அம்மா நலம், அவள் வாய் அதைவிட நலம். இடுப்பில் கம்பி வைத்த டாக்டர் நாக்கிலும் ஒன்று வைத்திருக்கலாம் என்று சொன்னேன். வாக்கரைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்தாள். சமையலறை வாசல் வரை வந்துவிட்டாள், அதைக் கவனி! இதெல்லாம் நான் வந்த பிறகு ஏற்பட்ட முன்னேற்றம் என்று உன் ஆஸ்பத்திரி நோட்டில் எழுதிக்கொள், நர்ஸம்மா.

நீ போன் பிடிக்காத மலையில், கல் உடைக்கிறவர்களுக்குக் கட்டுப் போடப் போய் உட்கார்ந்துவிட்டாய். அதனால் பேனாவைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. என் எழுத்தைப் பார்த்து அந்தக் காலத்தில் துறைமுகத்து மேலதிகாரியே "நீ மட்டும் அஞ்சாவது தாண்டியிருந்தா என் நாற்காலி போயிருக்கும்"னு சொன்னார். போகட்டும்.

அக்கா விழுந்தாளே அந்தப் பின்கதவுப் படி, அதை உடைத்துவிட்டேன். ஒரே அடி. (சரி, காலையில் ஆரம்பித்து விளக்கு வைக்கிற வரை அடித்தேன்.) விழுந்ததிலிருந்து அவள் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. நாள் முழுக்க அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கதவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். வெளியே மரம் இருக்கிறது, காற்று இருக்கிறது. இவளுக்குத் தாழ்ப்பாள்தான் தெரிகிறது. எனக்குப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஆகவே படியே இல்லாமல், கதவின் மட்டத்துக்கே ஒரு மரத்தளம் போடப் போகிறேன். அதன் மேல் கூரை. மூன்று பக்கமும் கொசுவலை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு நேராகப் போய் உட்காரலாம். தளத்தின் ஒரு பக்கம் கால் ஊன்றி நிற்கும், மறு பக்கம் வீட்டின் பின்சுவரில் பலகை அடித்து அதன் மேல் உட்காரும். அந்தச் சுவர் யார் எழுப்பியது? உன் மாமன், இருபத்திரண்டு வயதில். இரட்டைச் செங்கல். பீரங்கி வைத்தாலும் பீரங்கிதான் பின்னால் போகும்.

மரக்கடைக்காரர் "எவ்வளவு எடை தாங்கணும்?" என்றார். "என் அக்கா பேச்சைத் தாங்கினா போதும்" என்றேன். கடையே சிரித்தது. விலையில் கொஞ்சம் குறைத்தார் என்றும் வைத்துக்கொள்.

கப்பலுக்கே மரவேலை செய்த
உன் மாமன்


ஜூன் 10

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் சரக்கு லாரியில் வந்தது. ஊசி போட வரிசையில் நின்றவர்கள் முன்னால் சிரித்துவிட்டேன். பிறகு பயம் வந்தது.

நீங்கள் கப்பலுக்கு மரவேலை செய்யவில்லை. கப்பலில் ஏற்றுகிற பெட்டிகளுக்கு ஆணி அடித்தீர்கள். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெட்டிகள் ஒரு பயணம் தாங்கினால் போதும், அப்புறம் பிரித்துப் போட்டுவிடுவார்கள். இதன் மேல் அம்மா நடக்கப் போகிறாள்.

உங்கள் பேச்சை நான் சின்ன வயதிலேயே கணக்குப் போடக் கற்றுக்கொண்டேன். பாதியைக் கழித்து, மிச்சத்தை மறுபடி பாதியாக்கினால் ஏறக்குறைய நடந்தது வந்துவிடும். பின்சுவர் கதையை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் சுவர் ஒரு செங்கல் தடிக்கிறது. நடு அறை அலமாரியையும் மறந்துவிடாதீர்கள். அறைக்குள்ளேயே வைத்து இழைத்து, கதவை விடப் பெரிதாகச் செய்து, வெளியே எடுக்க முடியாமல் இன்றைக்கும் அங்கேயே நிற்கிறது. எனக்கென்று செய்தது. நான் இங்கே டிரங்குப் பெட்டியில் துணி வைத்திருக்கிறேன்.

போன வாரம் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். குடியிருப்பின் மாடி வராந்தாவில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தவர். கைப்பிடி ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கையில் அந்தக் கட்டையைப் பிடித்தபடியே வந்தார், நாங்கள்தான் விரலைப் பிரித்து எடுத்தோம். கால் தவறுகிறவர் முதலில் நம்புவது கைப்பிடியைத்தான், மாமா. அதற்கு ஆணி வேண்டாம். இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருகிற போல்ட் போடுங்கள். காலை மண்ணுக்குள் புதைக்காதீர்கள், உக்கிப்போகும். பலகை இடுக்கு வழியாகக் கீழேயிருந்து கொசு வராதா என்றும் யோசியுங்கள்.

இன்னொரு விஷயம். மலையடிவாரத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. ஜன்னல் வைத்த அறை காலியாக இருக்கிறது. ஜூலை பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். "நீ சொன்னா சரிதான்" என்றாள். அம்மா அப்படிச் சொன்னால் இஷ்டமில்லை என்று அர்த்தம், உங்களுக்கே தெரியும். ஆனால் இதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், தளம் சரியாக இல்லாவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அவள் இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டாள்.

உங்கள்
அக்கா மகள்


ஜூன் 21

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

வெற்றி! வெற்றி! வெற்றி! தளம் முடிந்தது!

தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பின்வீட்டு டெய்லர் வாயைத் திறந்தவர் மூடவில்லை, அவர் மனைவி வந்துதான் கூட்டிப்போனாள். "இதை வீடுன்னு சொல்றதா, கப்பல்னு சொல்றதா?" என்று கேட்டார். "ரெண்டும்தான்" என்றேன். வலை அடித்த அன்றைக்கே கொசுக்கள் குடும்பம் குடும்பமாக டெய்லர் வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. கீழேயிருந்து ஒன்றிரண்டு வருகிறது. அவை வழி தெரியாதவை.

நீ சொன்னபடி கால்களை மண்ணில் புதைக்கவில்லை. காங்கிரீட் போட்டு, கால் நுழைகிற இரும்புச் செருப்பு வைத்து, அதன் மேல் நிறுத்தினேன். இதை நான் முன்பே நினைத்திருந்தேன், நீ முந்திக்கொண்டாய். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் போய் நின்றதைப் பார்க்க வேண்டுமே, அசையவே இல்லை, போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி.

சுவர்ப் பலகைக்கு நீளமான போல்ட் கிடைக்கவில்லை. கிடைத்ததைப் போட்டேன். சுவர் நம் சுவர்தானே. மழைக்கு மரம் கொஞ்சம் பேசுகிறது. புது மரம் பேசும், அது வாலிபம்.

அக்கா இன்னும் ஏறவில்லை. வார்னிஷ் காயவில்லை, அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. நான் பகல் முழுக்க அங்கேயேதான் இருக்கிறேன், உட்கார நேரமில்லை. ஒரு போல்ட்டை முடுக்குகிறேன், இன்னொன்றைப் பார்க்கிறேன், மறுபடி முதல் போல்ட். வேலைக்காரன் கை சும்மா இருக்காது.

முதியோர் இல்லத்துக்காரர்களுக்கு இப்போதே எழுதிவிடு, அறையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லி.

மாமன்


ஜூன் 29

மாமாவுக்கு,

நேற்று மருந்து வாங்க அடிவாரத்துக்கு இறங்கினேன். கடையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா எடுத்தாள்.

"தளம் எப்படிம்மா இருக்கு?"

"யாருக்குத் தெரியும்? ஒரு வாரமா வார்னிஷ் காயுதாம். கதவைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கிட்டான்."

"நீ கேக்கலையா?"

"கேட்டா பாட்டுப் பாடறான். சாப்பாட்டுத் தட்டோட அங்க போய் நிக்கறான். நடுச்சாப்பாட்டுல எழுந்து போய் சுவத்துல காதை வெச்சுக் கேக்கறான். எனக்கு இடுப்புதான் ஒடஞ்சுது. இவனுக்கு என்ன ஒடஞ்சுதுன்னு தெரியல."

உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். நீங்கள் வாங்கி, "ஹலோ, ஹலோ, கேக்கலையே, மலைக் காத்து அடிக்குதே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். நான் மலையில் இல்லை மாமா. மருந்துக் கடையில், மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு நன்றாகக் கேட்டது.

தெருவே வாயைப் பிளந்த தளத்தைக் கட்டியவர் அதை ஏன் பூட்டி வைக்கிறார்? நேற்றிலிருந்து இதையே யோசிக்கிறேன். ஒரு நோயாளிக்குப் போட வேண்டிய கட்டை இன்னொருவருக்குப் போடப் போய்விட்டேன். நல்லவேளை, அவரே "எனக்கு இந்தக் கால் இல்லம்மா" என்றார்.

பெரிய கடிதம் வேண்டாம். டெய்லர், கொசு, கப்பல் யாரும் வேண்டாம். ஒரே கேள்விதான். அம்மா தனியாக அந்தத் தளத்தில் நடந்து போய், கைப்பிடியில் முழு எடையும் போட்டுச் சாய்ந்து நிற்கலாமா? கழிக்க வேண்டிய அவசியம் இல்லாத ஒரு வரி எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு இல்லத்துக்குப் பதில் எழுதுவேன். பதினைந்தாம் தேதி நெருங்கிவிட்டது.

அக்கா மகள்


ஜூலை 4

அன்புள்ள அக்கா மகளுக்கு,

மருந்துக் கடையில் மின்விசிறி இருக்கும் என்று நான் எப்படிக் கண்டேன்?

இந்த ஊர் மரம் சரியில்லை. மழையும் இந்த வருஷம் ஒரு மாதிரி, நேராகப் பெய்யாமல் பக்கவாட்டில் பெய்கிறது. மரக்கடைக்காரர் முகம் பார்த்தபோதே சந்தேகப்பட்டேன். அப்புறம் அந்த போல்ட் இருக்கிறதே, அதைச் செய்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால்

(விட்டதைத் தொடர்கிறேன். வெளியே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.)

நீ கேட்ட ஒரு வரி: வேண்டாம். அம்மா ஏறக் கூடாது.

எழுதிவிட்டேன். இனி மிச்சத்தையும் கேள்.

போன மாதம் இருபதாம் தேதி தளம் முடிந்தது. நான் ஓரத்தில் நின்றுகொண்டு, "வா அக்கா, ராணி மாதிரி வா" என்று கூப்பிட்டேன். அவள் தலை சீவிக்கொண்டு வந்தாள். வாக்கரின் முன்கால் இரண்டையும் தளத்தின் மேல் வைத்தாள். ஒரு கால் வீட்டுக்குள், ஒரு கால் தூக்கியபடி. அப்போது சுவர்ப் பக்கம் ஒரு சத்தம். பல்லைப் பிடுங்கும்போது வாய்க்குள் கேட்குமே, அது மாதிரி. பார்த்தால் பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் போகிற அளவுக்கு வெளிச்சம் தெரிகிறது. "நில்லு!" என்று கத்தினேன். நான் கத்தியதில்தான் அவள் விழப் பார்த்தாள். ஓடிப் பிடித்து உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, வார்னிஷ் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். உனக்கு "வெற்றி" என்று எழுதியது அதற்கு மறுநாள். எழுதினால், அது உன் கைக்கு வருவதற்குள் சரியாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

அதற்கப்புறம் இன்னும் கொஞ்சம் போல்ட் போட்டேன். போடப் போடக் கழன்று வருகிறது. நேற்று பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு உள்ளே பார்த்தேன். செங்கலே இல்லை, கண்ணு. ஹாலோ பிளாக். உள்ளே வெறும் பொந்து. போல்ட் பொந்துக்குள் போய்த் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தச் சுவர் வேலைக்கு நான் கலவை சுமக்கப் போனேன். இரண்டாம் நாளே கொத்தனாரோடு வாய்ச்சண்டை. சட்டியைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். சுவர் எழும்பியதை நான் கண்ணாலேயே பார்க்கவில்லை. அப்புறம் யாரோ கேட்டபோது நான் எழுப்பினது என்றேன். இன்னொருவர் கேட்டபோது செங்கல் என்றேன். அப்புறம் இரட்டைச் செங்கல். ஊர் நம்பியதோ இல்லையோ, நான் நம்பிவிட்டேன். நம்பித்தான் உன் அம்மாவை அதன் மேல் நிறுத்தப் பார்த்தேன்.

அக்காவிடமும் இன்று காலை சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று தயாராக நின்றேன். அவள் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நான் அந்த ரூமுக்குப் போகணுமா?" என்றாள். தளத்தை வைத்துத்தான் நீ முடிவு செய்வாய் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். சுவரை நம்பவே கூடாது. எல்லாவற்றையும் பிரித்து, சுவர்ப் பக்கமும் தனிக் கால் ஊன்றி, தளம் தன் காலிலேயே நிற்க வேண்டும். ஆனால் பதினைந்துக்குள் முடியாது. முடியும் என்று எழுத இந்தக் கை துடிக்கிறது. முடியாது.

நீ செய்ய வேண்டியதைச் செய்.

மாமன்


ஜூலை 12

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று இடங்களில் வைத்துப் படித்தேன். சாப்பாட்டுக் கூடத்தில், வார்டில், பிறகு லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க அவர் வண்டிப் படியில் நின்றுகொண்டு. அவர் "என்னம்மா, கெட்ட செய்தியா?" என்றார். ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், கொஞ்சம் நில்லுங்கள் என்றேன்.

நீங்கள் "வேண்டாம்" என்று எழுதி நான் பார்த்ததே இல்லை. முடியும், ஆச்சு, தயார், வா, இவைதான் உங்கள் வார்த்தைகள். நீங்கள் "தாராளமாக ஏறலாம்" என்று எழுதியிருந்தால் அதை நம்பாமல் அன்றைக்கே இல்லத்துக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன். பேனாவைத் திறந்துகூட வைத்திருந்தேன்.

இல்லத்துக்கு எழுதிவிட்டேன், அறை வேண்டாம் என்று. அதே லாரியில் கொடுத்தனுப்பினேன். வண்டி வளைவில் திரும்பியதும் ஓடிப்போய்த் திருப்பி வாங்கிவிடலாமா என்று இருந்தது. காத்திருப்பவர்கள் வரிசை நீளம், அந்த அறை இனி கிடைக்காது. ஆகவே அம்மாவுக்கு இப்போது உங்கள் தளத்தை விட்டால் அந்த நாற்காலியும் தாழ்ப்பாளும்தான். தெரிந்து செய்யுங்கள்.

அவசரப்பட வேண்டாம். முடிந்ததும் அம்மாவை ஏற்றுவதற்கு முன் கனமான எதையாவது ஏற்றி வைத்துப் பாருங்கள். மழையில் நனையட்டும், வெயிலில் காயட்டும். சத்தம் வந்தால் மறுபடி பிரியுங்கள். எப்படியும் எல்லாவற்றையும் பிரிக்கப் போகிறீர்கள், பலகை அடிக்கும் முன் அடியிலும் வலையை விரித்துவிடுங்கள். வழி தெரியாத கொசுக்களுக்கும் ஒரு முடிவு கட்ட வேண்டும்.

இரண்டாம் தடவைக்கு மரம் போதுமா?

அக்கா மகள்


ஆகஸ்ட் 9

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

மரம் போதவில்லை. கைப்பிடிக்குக் கட்டை இல்லை. மரக்கடைக்குப் போகச் செருப்பை மாட்டினேன். அக்கா நாற்காலியில் இருந்தபடியே, "எங்கடா போறே? நடு ரூம்ல நிக்குதே, அதை உடை" என்றாள்.

"அலமாரியையா? அது தேக்கு!"

"இத்தனை வருஷமா வெளிய போக வழி தெரியாம நிக்குது. இப்பவாவது போகட்டும்."

உடைத்தேன். துண்டு துண்டாக அந்தக் கதவு வழியாகத்தான் போனது. உன் அலமாரி இப்போது கைப்பிடியாக இருக்கிறது. நீ வந்தால் துணி வைக்க வேறு ஒன்று செய்து தருகிறேன், இந்தத் தடவை வெளியில் வைத்துச் செய்கிறேன். அப்புறம் உள்ளே போகாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

தளம் இப்போது சுவரைத் தொடவே இல்லை. நாலு பக்கமும் தன் கால், காலுக்குக் கால் சாய்வுக் கட்டை, சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. சண்டை போட்ட பங்காளிகள் மாதிரி பக்கத்தில் நிற்கிறார்கள், பேச்சுவார்த்தை கிடையாது. கைப்பிடிக் கால்களை வெளியே ஒட்டவில்லை. சட்டத்துக்கு உள்ளே இறக்கி, இரண்டு மரத்தையும் துளைத்துப் போகிற போல்ட் போட்டேன். உன் அந்த நோயாளி பிடித்துக்கொண்டு வந்தாரே, அந்தக் கட்டையை நினைத்துக்கொண்டே முடுக்கினேன். வலையைச் சட்டம் சட்டமாகப் போட்டிருக்கிறேன், கிழிந்தால் ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். பின்வாசல் வாக்கரைவிட ஒரு சாண் அகலம். அளந்தேன், அப்புறம் வாக்கரையே கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன்.

கனம் ஏற்றச் சொன்னாயே. தண்ணீர் டிரம்களை வரிசையாக நிறுத்தி நிரப்பி வைத்தேன். எத்தனை டிரம் என்று கேட்காதே, நான் சொல்லும் எண்ணை நீ எப்படியும் பாதியாக்குவாய். ஒரு வாரம் நின்றன. மழையும் பெய்தது, நேராகவே பெய்தது. டெய்லர் வந்து, "என்னங்க, குளிக்கிற இடமா இது?" என்றார். இந்தத் தடவை அவர் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார் என்பதை உள்ளபடி எழுதுகிறேன்.

நேற்று டிரம்களை இறக்கினேன். இன்று காலை சாவியை அக்கா கையில் கொடுத்தேன். அவளே திறந்தாள். அதற்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நீ மலையிலிருந்து இறங்கி வந்திருக்கலாம்.

இதை எங்கேயிருந்து எழுதுகிறேன் தெரியுமா? தளத்துக்கு அடியில், குந்தியபடி, தொடையில் அட்டை வைத்து. மேலே வாக்கர் நகர்கிறது. டக். டக். அப்புறம் செருப்பு தேய்கிற சத்தம்.

"டேய், கீழ என்னடா பண்றே?"

"போல்ட் முடுக்கறேன்."

"காலையிலயும் அதைத்தானே முடுக்கினே? மேல வந்து உக்காரு. காத்து நல்லா வருது."

"வரேன், வரேன். நீ நட."

எனக்கு மேலே போய் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு போல்ட்டைப் பார்க்கிறேன். இந்த வேலை எப்போது முடியும் என்று தெரியவில்லை. முடியாது போலிருக்கிறது.

இப்போது கைப்பிடிப் பக்கம் போகிறாள். பலகை இடுக்கில் அவள் நிழல் தெரிகிறது. வாக்கரை விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள், கண்ணு! இரண்டு கையையும் உன் அலமாரி மேல் வைத்து, முன்னால் சாய்ந்து, டெய்லர் மனைவியைக் கூப்பிட்டு ஏதோ சொல்கிறாள். முழு எடையும் அதன் மேல்தான் இருக்கிறது. நான் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மேலே எழுதியதில் உன் வழக்கப்படி பாதி கழித்துக்கொள், மிச்சத்தையும் பாதியாக்கு. இந்த ஒரு வரியில் மட்டும் கை வைக்காதே: ஒரு சத்தமும் வரவில்லை.

மாமன்